மதிய வெயிலில் கார் திணறுவது ஏன்? காற்றின் சூட்டை 'யூகிக்கும்' இசியு! | பானெட்டுக்குள்ளே

அக்னி நட்சத்திர மதியம். ஹைவேயில் சும்மா பறந்து வந்த கார். பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிடம் நிறுத்தி, டேங்க்கை நிரப்பிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்கிறீர்கள். இன்ஜின் உடனே உயிர்பெறுகிறது. ஆனால், கிளட்ச்சை விட்டு நகரும்போது ஒரு குலுக்கல், ஒரு திணறல். 'கெட்ட பெட்ரோல் போட்டுட்டாங்களோ' என்று பங்க் மீது சந்தேகம் வருகிறது. ஒரு கிலோமீட்டர் போனதும் எல்லாம் சரியாகிவிடுகிறது.

இன்னொரு பக்கம், ஆன்லைனில் ஒரு விளம்பரம். 'இந்தச் சின்ன சிப்பைப் பொருத்துங்கள், பவர் எகிறும், மைலேஜும் கூடும்.' விலை சில நூறு ரூபாய்தான். கல்லூரி படிக்கும் மகன் அதை கார்ட்டில் போட்டு வைத்துவிட்டு, அப்பாவின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறான்.

இந்த இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே பொருள். இன்ஜின் உறிஞ்சும் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்கும் சுண்டுவிரல் அளவு சென்சார். 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர் சென்சார்', சுருக்கமாக ஐ.ஏ.டி. இந்த வார 'பானெட்டுக்குள்ளே' அதைப் பற்றித்தான். கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், ஏழாம் வகுப்புக் கூட்டல், பெருக்கல்தான்.

படியா, எடையா?

பெட்ரோல் எரிய காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. கவனியுங்கள், லிட்டர் இல்லை, கிராம். எல்லாமே எடைக் கணக்கு.

சிக்கல் என்னவென்றால், இன்ஜின் காற்றை எடை போட்டு வாங்குவதில்லை. படியில் அளந்து வாங்குகிறது. 1,200 சிசி, மூன்று சிலிண்டர் கார் என்றால், ஒவ்வொரு சிலிண்டரும் 400 மில்லி அளவுள்ள ஒரு படி. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தப் படி நிரம்புகிறது. அந்தப் படிக்குள் எத்தனை கிராம் காற்று வந்தது என்பதுதான் கேள்வி.

ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா? காற்றும் அப்படித்தான். குளிர்ந்த காற்று அரிசி மாதிரி நெருக்கமாக நிற்கும். சூடான காற்று பொரி மாதிரி விரிந்து நிற்கும். கடல்மட்ட அழுத்தத்தில், உலர்ந்த காற்று ஒரு லிட்டர் எவ்வளவு எடை இருக்கும் தெரியுமா?

* 15 டிகிரியில் 1.23 கிராம்
* 25 டிகிரியில் 1.18 கிராம்
* 45 டிகிரியில் 1.11 கிராம்
* 65 டிகிரியில் 1.04 கிராம்

25 டிகிரி காலைக்கும், 65 டிகிரிக்குச் சூடேறிய பானெட்டுக்கும் இடையே சுமார் 12 சதவிகிதம் காற்று குறைந்துவிட்டது. மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுலபமான கணக்கு: ஒவ்வொரு 3 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 1 சதவிகிதம் காற்று குறையும். மதிய வெயிலில் கார் கொஞ்சம் சோம்பலாக ஓடுவதுபோல உங்களுக்குத் தோன்றினால், அது பிரமை இல்லை. அதோடு ஏ.சி கம்ப்ரஸரும் இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது.

காற்று குறைந்தால் பெட்ரோலையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். அதைச் செய்வது இசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர். கார்ப்பரேட்டர் காலத்தில் இந்தக் கவலையே இல்லை. காலையில் சோக்கை இழுத்துவிடுவோம், மீதியை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். 1967-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 'டி-ஜெட்ரானிக்' என்ற எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தது. அதிலுள்ள 'டி', ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும் 'ட்ரூக்' என்ற சொல்லின் முதல் எழுத்து. இன்டேக்கின் அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து காற்றின் எடையைக் கணக்குப் போடும் முறை அது. இன்றும் ஏராளமான கார்களில் அதே தத்துவம்தான் ஓடுகிறது. பெயர் 'ஸ்பீடு டென்சிட்டி'.

பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் இது பொருந்தும். 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ் 6 விதி வந்த பிறகு, நம் தெருவில் ஓடும் சாதாரண ஸ்கூட்டருக்குள்ளும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் ஒரு குட்டி இசியுவும் வந்துவிட்டன.

இசியு காற்றை எப்படி எடை போடுகிறது?

ஸ்பீடு டென்சிட்டி முறையில் இசியுவுக்கு நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்.

1. இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம். இதை 'மேப்' சென்சார் சொல்லும்.

2. இன்ஜின் வேகம், அதாவது ஆர்.பி.எம்.

3. அந்த வேகத்தில், அந்த அழுத்தத்தில் சிலிண்டர் எவ்வளவு தூரம் நிரம்பும் என்ற பட்டியல். ட்யூனர்கள் இதை 'வி.இ டேபிள்' என்பார்கள். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி என்பதன் சுருக்கம்.

4. சிலிண்டருக்குள் போகும் காற்றின் வெப்பநிலை.

முதல் இரண்டும் நேரடியாக அளக்கக்கூடியவை. மூன்றாவதை ட்யூனிங்கின்போது தயாரித்து வைத்துவிடலாம். தகராறு எல்லாம் நான்காவதில்தான். இசியுவுக்கு வேண்டியது 'சிலிண்டருக்குள் நுழையும் கணத்தில்' காற்றின் சூடு. ஆனால், சென்சாரை சிலிண்டருக்குள் வைக்க முடியாது. எங்கோ வழியில்தான் வைக்க முடியும்.

'மாஸ் ஏர் ஃப்ளோ' சென்சார் உள்ள கார்களில் கதை வேறு. அங்கே சூடான ஒரு கம்பி அல்லது தகட்டின் மேல் காற்று போகும்போது, அது எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து காற்றின் எடையே நேரடியாகக் கிடைத்துவிடும். ஆனாலும், ஸ்பார்க்கை எப்போது அடிப்பது என்று முடிவுசெய்ய அந்த கார்களுக்கும் காற்றின் சூடு தெரிந்தாக வேண்டும்.

சின்ன சென்சார், பெரிய வேலை

ஐ.ஏ.டி சென்சாரின் உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில், 20 டிகிரியில் 2,500 ஓம் காட்டும் சென்சார், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சத்துக்கு இறங்கிவிடும். இசியு 5 வோல்ட் கொடுத்து, திரும்பக் கிடைக்கும் வோல்டேஜைப் பார்த்து, 'இத்தனை டிகிரி' என்று புரிந்துகொள்ளும். பல கார்களில் இதுவும் மேப் சென்சாரும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும். அதற்கு 'டி-மேப்' என்று பெயர்.

சரி, சென்சார் பொய் சொல்லுமா? சொல்லாது. தன்னைச் சுற்றி என்ன சூடு இருக்கிறதோ, அதைத்தான் சொல்லும். ஆனால், அது உட்கார்ந்திருக்கும் இடம் ஏமாற்றும்.

ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால்: அங்கே காற்று இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கும். அதற்குப் பிறகு அது த்ராட்டில் பாடி, மேனிஃபோல்டு, சூடான சிலிண்டர் ஹெட்டின் துவாரம் எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும். போகிற வழியெல்லாம் சூடேறும். சென்சார் 40 என்கிறது, சிலிண்டருக்குள் போகும்போது அது 60-க்கு மேல்கூட இருக்கலாம்.

மேனிஃபோல்டில் இருந்தால்: காற்றோடு சேர்த்து, மேனிஃபோல்டு உலோகத்தின் சூட்டையும் சென்சார் வாங்கிக்கொள்ளும். குறிப்பாக, வண்டியை நிறுத்திய பிறகு. ஓடும்போது ரேடியேட்டரும் எதிர்காற்றும் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆஃப் செய்ததும் இரண்டும் நின்றுவிடும். இன்ஜினின் சூடு மொத்தமும் பானெட்டுக்குள் பரவி, சென்சாரையும் வேக வைத்துவிடும். இதற்கு 'ஹீட் சோக்' என்று பெயர். அடுப்பை அணைத்த பிறகும் குக்கர் சூடு அடங்காமல் இருப்பதைப் போலத்தான்.

இப்போது பெட்ரோல் பங்க் திணறலுக்கு வருவோம். ஐந்து நிமிட நிறுத்தத்தில் சென்சார் 70 டிகிரிக்கு ஏறிவிட்டது. ஆனால், ஸ்டார்ட் செய்ததும் உள்ளே வருவது வெளிக்காற்று. வழியில் சூடேறினாலும் 50 டிகிரிதான் என்று வைத்துக்கொள்வோம். இசியு 70 என்று நம்பி, 'காற்று லேசாக இருக்கிறது' என்று பெட்ரோலைக் குறைக்கிறது. கணக்குப் போட்டால், தேவையைவிட சுமார் 6 சதவிகிதம் குறைவு. ட்யூனர்கள் மொழியில் இது 'லீன்'. நகரும்போது வரும் குலுக்கலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு கிலோமீட்டர் ஓடியதும் புதுக்காற்று பட்டு சென்சார் குளிர்கிறது, கணக்கும் சரியாகிறது.

கார் கம்பெனிகள் இதற்கெல்லாம் சேர்த்துதான் மென்பொருள் எழுதுகின்றன. அதனால், உங்கள் புது காரில் இதை நீங்கள் உணரவே மாட்டீர்கள். கம்பெனி கணக்கைக் கலைத்து ட்யூன் செய்த கார்களிலும், தனி இசியு பொருத்திய பழைய கார்களிலும்தான் இது பளிச்சென்று தெரியும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பழைய ஸ்பார்க் ப்ளக், அழுக்கேறிய த்ராட்டில் பாடி, தளர்ந்துபோன ஃப்யூயல் பம்ப் ஆகியவையும் இதே மாதிரி திணற வைக்கும்.

அளக்க முடியாததை யூகிப்பது எப்படி?

இதற்கு ட்யூனிங் உலகம் கண்டுபிடித்த வழி அழகானது. சிலிண்டருக்குள் போகும் காற்று எவ்வளவு சூடாக இருக்கும்? சென்சார் காட்டும் சூட்டுக்குக் குறையாது. இன்ஜினின் சூட்டைத் தாண்டாது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இன்ஜினின் சூடு எவ்வளவு என்பதை கூலன்ட் சென்சார் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆக, கணக்கு இதுதான்:

காற்றின் உண்மைச் சூடு = ஐ.ஏ.டி + கலப்பு எண் × (கூலன்ட் சூடு − ஐ.ஏ.டி)

கலப்பு எண் பூஜ்யம் என்றால், சென்சார் சொல்வதை அப்படியே நம்புகிறோம். ஒன்று என்றால், காற்று இன்ஜின் அளவுக்கே சூடாகிவிட்டது என்று பொருள். நிஜம் இடையில் இருக்கும். அதுவும் மாறிக்கொண்டே இருக்கும்.

எதை வைத்து மாறும்? காற்று போகும் வேகத்தை வைத்து. அடுப்பின் மேல் கையை விருட்டென்று வீசினால் சுடாது. மெதுவாகக் கொண்டுபோனால் சுடும். ஐட்லிங்கில் காற்று மெதுவாக ஊர்ந்து போகும், வழியில் நிறைய சூட்டை வாங்கும். எனவே, கலப்பு எண் பெரிது. ஹைவேயில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காற்று பாய்ந்து போகும், சூடு வாங்க நேரமே இருக்காது. எனவே, கலப்பு எண் சிறிது.

ஓர் உதாரணம். ஐ.ஏ.டி 40, கூலன்ட் 90 டிகிரி.

* ஐட்லிங்கில் கலப்பு எண் 0.5 என்றால்: 40 + 0.5 × 50 = 65 டிகிரி
* ஹைவேயில் கலப்பு எண் 0.1 என்றால்: 40 + 0.1 × 50 = 45 டிகிரி

இரண்டு இடத்திலும் சென்சார் காட்டுவது ஒரே 40-தான். ஆனால், சிலிண்டர் பார்க்கும் காற்றில் 20 டிகிரி வித்தியாசம். அதாவது, பெட்ரோல் கணக்கில் சுமார் 6 சதவிகிதம். (இந்தக் கலப்பு எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை. ஒவ்வொரு இன்ஜினுக்கும் அது மாறும்.)

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஐட்லிங்கில் கலப்பு எண் 0.5 என்றால், சென்சார் பேச்சுக்குப் பாதி மதிப்புதான். கூலன்ட் 95 டிகிரியில் நிற்கும்போது, ஹீட் சோக்கால் சென்சார் 40-லிருந்து 70-க்குத் தாவினாலும், இசியுவின் யூகம் 67.5-லிருந்து 82.5-க்குத்தான் போகும். சென்சாரை முழுசாக நம்பியிருந்தால் பெட்ரோலை சுமார் 9 சதவிகிதம் குறைத்திருக்கும். இப்போது குறைப்பது 4 சதவிகிதம்தான். பங்க்கிலிருந்து கிளம்பும்போது வரும் குலுக்கல் பெருமளவு அடங்கிவிடும்.

அமெரிக்காவில் புரூஸ் பவ்லிங், அல் கிரிப்போ ஆகிய இருவரும் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'மெகாஸ்குவர்ட்' என்ற, கையாலேயே சால்டர் செய்து உருவாக்கக்கூடிய இசியு, உலகம் முழுக்க கார் பிரியர்களிடம் பிரபலம். அதன் பிந்தைய பதிப்புகளில் இந்தக் கலப்பு எண்ணுக்கென்றே தனி அட்டவணை உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இசியுக்களிலும் இதே வேலைக்கு 'பயஸ் டேபிள்' என்று ஒன்று இருக்கிறது. ஏர்-கூல்டு பைக்குகளில் கூலன்ட் கிடையாது. அங்கே இன்ஜினின் சூடே அந்த இடத்தைப் பிடிக்கும்.

ட்யூனர் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

தனி இசியு பொருத்தி ட்யூன் செய்யும்போது அடிக்கடி நடக்கும் குளறுபடி இது. கலப்பு எண்ணைக் கவனிக்காமல், நேராக வி.இ டேபிளில் கை வைத்துவிடுவார்கள்.

ஐட்லிங்கில் காற்றின் உண்மைச் சூடு 65. இசியு 40 என்று நினைத்து அதிகமாகப் பெட்ரோல் கொடுக்கிறது. வைட்பேண்டு ஆக்சிஜன் சென்சார் 'ரிச்' என்று காட்டுகிறது. உடனே ட்யூனர் வி.இ டேபிளில் 7 சதவிகிதத்தைக் குறைக்கிறார். மீட்டர் சரியாகிவிட்டது, வாடிக்கையாளர் சந்தோஷமாகக் கிளம்புகிறார்.

மறுநாள் காலை. ராத்திரி முழுக்க நின்றிருந்த கார். கூலன்ட் 25, ஐ.ஏ.டி 25. இப்போது காற்றைச் சூடாக்க இன்ஜினில் சூடே இல்லை. ஆனால், நேற்று வெட்டிய 7 சதவிகிதம் வி.இ டேபிளில் அப்படியே இருக்கிறது. பெட்ரோல் போதவில்லை. இன்ஜின் இருமுகிறது. 'கோல்டு ஸ்டார்ட் பிரச்னை' என்று வார்ம்-அப் பெட்ரோலை ஏற்றுகிறார்கள். அது பாதி சூட்டில் ரிச் ஆகிறது. கிழிசலுக்கு ஒட்டு, ஒட்டுக்கு மேல் இன்னோர் ஒட்டு. கடைசியில் எந்த அட்டவணையிலும் உண்மை இருக்காது.

சரியான வரிசை இப்படி இருக்கும்:

முதலில் சென்சார். ராத்திரி முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன் ஐ.ஏ.டியும் கூலன்ட்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், சென்சாரோ அதற்கான அளவீட்டு அட்டவணையோ தவறு. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

அடுத்து கலப்பு எண். இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியு தானாகத் திருத்துவதை அணைத்துவிட்டு, ஐட்லிங்கில் விட வேண்டும். பானெட் சூடேறி ஐ.ஏ.டி 45, 50, 55 என்று ஏறும். அப்போது கலவை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். லீன் ஆகிக்கொண்டே போனால், சென்சாரை அளவுக்கு மீறி நம்புகிறோம். கலப்பு எண்ணை ஏற்ற வேண்டும். ரிச் ஆனால், இறக்க வேண்டும். ஐ.ஏ.டி எவ்வளவு ஏறினாலும் கலவை நகராமல் நின்றால், கைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் வி.இ டேபிள். பிறகு, அதே காரை விடியற்காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை ஓட்டி டேட்டா பதிவுசெய்து ஒப்பிட வேண்டும். டைனோவில் பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய மின்விசிறியை ஓடவிட்டுச் செய்த ட்யூன், மூடிய பானெட்டோடு கிண்டி டிராஃபிக்கில் நிற்கும்போது அப்படியே பொருந்தாது.

டர்போ காரில் இன்னும் ஜாக்கிரதை

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் அடியில் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். 35 டிகிரிக் காற்றை டர்போ 1.7 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், வெளியே வரும்போது அது 100 டிகிரியைத் தாண்டிவிடும். இன்டர்கூலர் அதைக் குளிர வைத்து உள்ளே அனுப்புகிறது. எனவே, பெட்ரோல் கணக்குக்கான சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னால் இருந்தாக வேண்டும். முன்னால் இருக்கும் சென்சாரை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகும்.

சென்சாரின் வேகமும் முக்கியம். பித்தளைக் கூட்டுக்குள் மூடிய சென்சார், சூடு மாறியதைச் சொல்ல பல விநாடிகள் எடுத்துக்கொள்ளும். ஓவர்டேக் செய்ய மிதித்து முடிக்கும் நேரம் அது. தெர்மிஸ்டர் வெளியே தெரியும்படி, பிளாஸ்டிக் கூண்டுக்குள் இருக்கும் திறந்த வகை சென்சார் சட்டென்று சொல்லிவிடும். ட்யூனர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்.

பெட்ரோல் கொஞ்சம் கூடிக் குறைந்தால் பரவாயில்லையே என்று கேட்கலாம். ஸ்பார்க்கிலும் இதே எண்தான் விளையாடுகிறது. சூடான காற்று உள்ளே போனால், கலவை தானாகவே வெடிக்கும் ஆபத்து அதிகம். அதுதான் 'நாக்கிங்'. எனவே, சூடு ஏறினால் இசியு ஸ்பார்க்கைத் தள்ளி அடிக்கும். காற்று உண்மையில் சூடாக இருந்து, இசியு குளிர்ச்சி என்று நினைத்தால் ஸ்பார்க் முன்கூட்டியே விழும். அதிக லோடில் அது தொடர்ந்தால் பிஸ்டனும் ரிங்கும் உடையும். அப்புறம் இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவுதான்.

அந்த 'பவர் சிப்' ரகசியம்

இப்போது ஆன்லைன் சிப்புக்கு வருவோம். ஐ.ஏ.டி சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டச் சொல்லும் மலிவு 'சிப்'களின் பெட்டியைப் பிரித்தால், உள்ளே இருப்பது ஒரு ரெசிஸ்டர். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைப்பது. அது என்ன செய்கிறது? எப்போதும் ஒரே மின்தடை. அதாவது, வெளியே என்ன வெயில் அடித்தாலும் இசியுவிடம் 'காற்று ஜில்லென்று இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இசியு அதை நம்பி அதிகம் பெட்ரோல் ஊற்றும், ஸ்பார்க்கை முன்னுக்கு நகர்த்தும். முதல் நாள் கொஞ்சம் சுறுசுறுப்பு தெரிவதுபோல இருக்கலாம். சாதாரண ஓட்டத்தில், ஆக்சிஜன் சென்சார் கூடுதல் பெட்ரோலைக் கண்டுபிடித்துக் குறைத்துவிடும். ஆக, சொன்ன பலனும் நிற்காது. ஆனால், ஃபுல் த்ராட்டிலில், ஏற்றத்தில், குடும்பத்தோடு லக்கேஜ் ஏற்றிப் போகும்போது, மே மாத வெயிலில், நாக்கிங்கிலிருந்து இன்ஜினைக் காக்க வேண்டிய முக்கியமான தகவலே இசியுவிடம் இருக்காது. மைலேஜ் கூடும் என்று வாங்கிய பொருள், பெட்ரோலையும் குடித்து இன்ஜினையும் பதம் பார்க்கும். மகன் கார்ட்டில் வைத்திருந்தால், உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் காரில் நீங்களே பார்க்கலாம்

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி சாக்கெட்டில் மாட்டும் ப்ளூடூத் கருவி ஒன்றும், போனில் ஒரு இலவச ஆப்பும் போதும். 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்', 'கூலன்ட் டெம்பரேச்சர்' இரண்டையும் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும்.

* காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், இக்னிஷனை மட்டும் ஆன் செய்து பாருங்கள். இரண்டும் வெளி வெப்பநிலையை ஒட்டி, ஒன்றுக்கொன்று சில டிகிரிக்குள் இருக்க வேண்டும்.
* ஹைவேயில் சீரான வேகத்தில் போகும்போது, டர்போ இல்லாத காரில் ஐ.ஏ.டி வெளி வெப்பநிலையைவிடக் கொஞ்சம் மட்டும் அதிகம் இருக்கும்.
* சிக்னலிலும் டிராஃபிக்கிலும் மளமளவென ஏறும். வெளியே 38 என்றால், 55-ஐத் தாண்டுவதுகூட சாதாரணம். மறுபடி வேகம் எடுத்தால் இறங்க வேண்டும்.
* மைனஸ் 40 என்று காட்டினால், சென்சாரின் ஒயர் கழன்றிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. செக் இன்ஜின் விளக்கும் எரிந்து, ஆப்பில் பி0113 என்ற கோடு வந்தால், அதுவேதான். எலி கடித்த ஒயர்கூட காரணமாக இருக்கலாம்.

எண் நகராமல் ஒரே இடத்தில் நின்றாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்வதோ மாற்றுவதோ பெரிய வேலை இல்லை.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

ஊட்டியில் காற்று குளிர்ச்சிதானே, கார் ஏன் அங்கே மந்தமாக இருக்கிறது?

நல்ல கேள்வி. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கலாகக் குறைந்துவிடும். கடல்மட்டத்தில் அது 101. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி, ஊட்டியில் 15 டிகிரி என்று வைத்தால், குளிர் 7 சதவிகிதம் காற்றைக் கூட்டிக் கொடுக்கிறது. ஆனால், அழுத்தம் 20 சதவிகிதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. கூட்டிக் கழித்தால் சுமார் 15 சதவிகிதம் காற்று குறைவு. டர்போ கார்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும்.

டீசல் காருக்கும் ஐ.ஏ.டி உண்டா?

உண்டு. டீசலில் ஸ்பார்க் கிடையாது. ஆனால், புகை வராமல் எவ்வளவு டீசல் ஊற்றலாம் என்று முடிவுசெய்ய காற்றின் கணக்கு அங்கேயும் தேவை.

ரீமேப் செய்யலாமா?

காசு கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். 'என் காருக்கென்று டேட்டா பதிவுசெய்து ட்யூன் செய்வீர்களா, எங்கிருந்தோ எடுத்த ஃபைலை ஏற்றுவீர்களா? வெயிலில் ஓட்டிப் பார்ப்பீர்களா? ஐ.ஏ.டி ஏறும்போது ஸ்பார்க் எவ்வளவு பின்வாங்குகிறது என்று காட்ட முடியுமா?' மூன்றாவது கேள்விக்கு முழிப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். இசியுவில் கை வைத்தால் வாரன்ட்டி கேள்விக்குறியாகலாம். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் மாற்றங்களைச் சொல்லாமல் விடுவதும் பின்னால் தலைவலி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. வேகத்தில் ஆசை இருப்பவர்களுக்கு, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையில் செட்டிப்பாளையத்திலும் ரேஸ் ட்ராக்குகள் இருக்கின்றன. ட்யூன் செய்த காரின் இடம் அதுதான்.

கடைசியாக ஒன்று

டிராஃபிக்கில் நெடுநேரம் நின்று கிளம்பும்போதும், வெயிலில் நிறுத்தி எடுத்த உடனேயும், முதல் ஓரிரு நிமிடங்களுக்கு முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதீர்கள். புதுக்காற்று ஓடி, சென்சாரும் மேனிஃபோல்டும் கொஞ்சம் குளிரட்டும். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு முன்னால் வரும் குழாய் கழன்றிருந்தால் உடனே மாட்டிவிடுங்கள். அது கழன்றால், வெளிக்காற்றுக்குப் பதிலாக பானெட்டின் வெந்த காற்றைத்தான் இன்ஜின் குடிக்கும். மேலே சொன்ன எல்லாவற்றிலும் காலணா செலவில்லாமல் செய்யக்கூடியது இந்த இரண்டும்தான்.

உங்கள் காரில் காலை, மதியம் ஐ.ஏ.டி எவ்வளவு காட்டியது? மாடலையும் ஊரையும் சேர்த்து கமென்ட்டில் போடுங்கள். அடுத்த வாரம், இன்றைக்கு அங்கங்கே தலைகாட்டிய ஆக்சிஜன் சென்சாரைப் பற்றி விரிவாகப் பார்ப்போம். மைலேஜ் திடீரென்று விழுந்த காரில் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் அவர்தான்!